எட்டு என்றால் எட்டுதானா?

“அண்ணா, பாஸ்போர்ட் சைஸ் எட்டு போட்டுக் கொடுங்க.”

பெங்களூரில் அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவே நெருக்கி உட்கார்ந்திருக்கும் பகுதி ஜோகுபாளையம். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் வருபவர் தமிழில் கேட்பார், அடுத்தவர் கன்னடத்தில், அதற்கடுத்தவர் உருதுவில். எந்த மொழியில் கேட்டாலும் கடைக்காரர் உடனே பிரின்டரைத் தட்டிவிட மாட்டார். “எதுக்குமா, ஸ்கூலுக்கா விசாவுக்கா?” என்று ஒரு கேள்வி கேட்பார். கடைகளில் பாஸ்போர்ட் சைஸ் என்றால் பெரும்பாலும் 35×45 மில்லிமீட்டர். அமெரிக்க விசாவுக்கு அது செல்லாது, 2 அங்குலச் சதுரம் வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் தாளும் மையும் வீண். படத்தை வாங்கிப்போன பெண் மறுநாள் விண்ணப்பத்தோடு திரும்பி வந்து நிற்பார்.

கடைக்காரரின் மகள் கணினி படிப்பவள், அப்பாவுக்காக ஒரு சின்ன நிரல் எழுதித் தருகிறாள் என்றும் வைத்துக்கொள்வோம். அதில் பட்டனும் இல்லை, மவுசும் இல்லை. டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி:

படம் --அளவு 35×45 --பிரதி 8 முகம்.ஜேபிஜி

முதல் சொல் நிரலின் பெயர். அதன் பின்னால் வருபவை அந்த நிரலுக்கு நாம் தரும் விவரங்கள். இவற்றைத்தான் ஆர்குமென்ட் என்கிறார்கள். பெங்களூரின் மென்பொருள் அலுவலகங்களில் ஒவ்வொரு நாளும் இப்படிக் கணக்கற்ற வரிகள் தட்டப்படுகின்றன. சர்வரை இயக்குவது, காப்பு எடுப்பது, பழைய கோப்பை அழிப்பது எல்லாம் இந்த ஒற்றை வரியில்தான் நடக்கிறது. கடைக்காரர் கேட்ட அந்த ஒரு கேள்வியை நிரலும் கேட்டாக வேண்டும். எங்கே, எப்படிக் கேட்கிறது, கேட்காமல் விட்டபோது என்ன ஆயிற்று என்பது சுவையான கதை.

நாம் தட்டும் வரி அப்படியே நிரலிடம் போவதில்லை. நடுவில் ஷெல் என்றொரு இடையாள் இருக்கிறது. அது இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வரியை வெட்டி, துண்டுகளை வரிசையாகப் பெட்டிகளில் போட்டு, “மொத்தம் இத்தனை” என்ற எண்ணிக்கையோடு நிரலிடம் ஒப்படைக்கிறது. 0ஆம் பெட்டியில் நிரலின் சொந்தப் பெயர். மேலே உள்ள வரியில் 0 முதல் 5 வரை ஆறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இருப்பது வெறும் எழுத்துத் தொடர்தான். நான்காம் பெட்டியில் உள்ள 8 இன்னும் எண் ஆகவில்லை, எண்ணின் உருவம் மட்டுமே.

பள்ளித் தமிழிலக்கணத்தில் பொதுமொழி என்று ஒன்று படித்திருப்போம். அதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டே “எட்டு”தான். ஒரே சொல்லாக எடுத்தால் எண். எள் + து என்று பிரித்தால் “எள்ளைத் தின்” என்று ஏவல். வேங்கை, தாமரை என்பவையும் அப்படியே. சொல்லை எங்கே பிரிப்பது, பிரித்த துண்டுக்கு எந்தப் பொருள் என்று முடிவுகட்டும் வேலையைத் தமிழ் மாணவர்கள் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். கணினிக்காரர்கள் பார்சிங் என்று சொல்வதும் இதே வேலைதான். ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளைத் தப்பாகப் பிரித்தால் பொருள்தான் கெடும். கட்டளையைத் தப்பாகப் பிரித்தால் வட்டில் இருப்பதெல்லாம் போய்விடும்.

போயும் இருக்கிறது. 2011ல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில், யூஎஸ்ஆர் என்ற கோப்புறைக்குள் ஆழத்தில் கிடக்கும் ஒரு துண்டை அழிக்க ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. பாதையின் நடுவே தவறி ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. ஷெல் தன் வழக்கப்படி அங்கே வெட்டியது. ஒரு பாதை இரண்டானது, முதல் துண்டு யூஎஸ்ஆர் கோப்புறை முழுவதும். லினக்ஸில் நிரல்களும் அவற்றின் நூலகங்களும் பெரும்பாலும் வசிக்கும் இடம் அது. நிறுவியவர்களின் கணினியிலிருந்து அது அடியோடு அழிந்தது. நம் கடைக்காரரின் மகள் “ஜோகுபாளையம் மெயின் ரோடு” என்ற பெயரில் ஒரு கோப்புறை வைத்து, மேற்கோள் குறி போடாமல் அதை வரியில் தட்டினாலும் இதே கதைதான். நிரலுக்கு மூன்று தனித்தனிப் பெயர்கள் போய்ச் சேரும்.

பெட்டிகளின் எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. 0ஆம் பெட்டியில் நிரலின் பெயர் எப்போதும் இருக்கும் என்பது வழக்கம், விதி அல்ல. ஒரு நிரலை இன்னொரு நிரல் கூப்பிடும்போது பெட்டியே இல்லாமல், எண்ணிக்கை 0 என்றும் கூப்பிடலாம். லினக்ஸில் பிகேஎக்ஸெக் என்ற நிரல், சாதாரணப் பயனர் நிர்வாகி அதிகாரத்தோடு ஒரு வேலையைச் செய்ய உதவுவது. அதை எழுதியவர்கள் 0ஆம் பெட்டி இருக்கும் என்று நம்பி, எண்ணுவதை 1லிருந்து தொடங்கினார்கள். பெட்டியே இல்லாதபோது அந்த 1ஆம் இடம் நினைவகத்தில் அடுத்த வீட்டுக்காரரின் வாசல். அங்கே சூழல் மாறிகள் என்னும் வேறு விவரங்கள் கிடக்கின்றன, அவற்றைத் தாக்குபவர் தன் விருப்பப்படி எழுதிவைக்கலாம். இந்த ஓட்டை வழியே அந்தக் கணினியில் கணக்குள்ள யார் வேண்டுமானாலும் அதற்கு நிர்வாகி ஆகிவிட முடிந்தது. 2009 மே மாதம் நிரலுக்குள் புகுந்த பிழை, 2022 ஜனவரி 25 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிடும்வரை உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று எல்லா இடத்திலும் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல். “ஒரு பெட்டியாவது இருக்கிறதா?” என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். பிறகு லினக்ஸ் கர்னலே 5.18 பதிப்பிலிருந்து, பெட்டியில்லாமல் வரும் நிரலுக்கு ஒரு வெற்றுப் பெட்டியைத் தானே வைத்து அனுப்பத் தொடங்கியது.

அடுத்தது கோடு. எது --அளவு போன்ற ஆப்ஷன், எது சாதாரண விவரம் என்று நிரல் எப்படிக் கண்டுகொள்கிறது? ஒற்றைக் கோட்டிலோ இரட்டைக் கோட்டிலோ தொடங்கினால் ஆப்ஷன். அவ்வளவுதான். யூனிக்ஸ் உலகில் நாளடைவில் படிந்த வழக்கம் இது. கோட்டில் தொடங்கும் பெயரோடு ஒரு கோப்பு இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் அந்த வழக்கத்துக்குள்ளேயே பதில் உண்டு. பெயர் ஏதும் ஒட்டாத இரட்டைக் கோட்டைத் தனியே போட்டால், “ஆப்ஷன்கள் முடிந்தன, இனி வருவதெல்லாம் விவரம்” என்று பொருள்.

அந்த இரட்டைக் கோட்டை மறந்ததற்குக் கொடுத்த விலை பெரிது. யூனிக்ஸில் லாகின் என்ற நிரலுக்கு எஃப் என்றோர் ஆப்ஷன் உண்டு. “இவரை ஏற்கெனவே சரிபார்த்தாகிவிட்டது, கடவுச்சொல் கேட்க வேண்டாம்” என்பது அதன் பொருள். தொலைவிலிருந்து நுழைபவர் தட்டும் பயனர் பெயர், அந்த லாகின் நிரலுக்கு ஆர்குமென்டாகப் போனது. யாரோ ஒருவர் தன் பெயராக “-எஃப்ரூட்” என்று தந்தார். லாகின் அதைப் பெயராகப் பார்க்கவில்லை, ஆப்ஷனாகப் பார்த்தது. ரூட் என்னும் தலைமை நிர்வாகிக்குக் கதவு திறந்துவிட்டது, கடவுச்சொல்லே இல்லாமல். 1994ல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் இது நடந்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2007 பிப்ரவரியில், சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 இயங்குதளத்தில், தொலைவிலிருந்து நுழைய உதவும் டெல்நெட்டில் அச்சு அசலாக இதே ஓட்டை மறுபடி வெளிவந்தது.

கோட்டுக்கு வேஷம் போடவும் தெரியும். 2024 ஜூனில் தைவானின் டெவ்கோர் நிறுவனத்து ஆய்வாளர் ஆரஞ்ச் சாய், பிஎச்பி மொழியில் ஓர் ஓட்டையைக் காட்டினார். 2012ல் அதே மொழியில், இணைய முகவரியின் வால்பகுதி கட்டளை வரிக்குள் ஆப்ஷனாக நுழைவது தெரியவந்து, கோட்டில் தொடங்குவதைத் தடுத்திருந்தார்கள். அந்தத் தடுப்பு வழக்கமான கோட்டை மட்டும் தேடியது. ஆரஞ்ச் சாய் தந்ததோ மென்கோடு, சொல்லை வரி இறுதியில் உடைக்கும் இடத்தைக் குறிக்க மட்டும் பயன்படும் தனிக் குறியீடு. காவலாளி அதைக் கோடாகக் காணவில்லை. ஆனால் சீன, ஜப்பானிய மொழி அமைப்புள்ள விண்டோஸ், “இதற்கு நெருங்கிய உருவம் இதுதான்” என்று பெருந்தன்மையாக அதை நிஜக் கோடாக மாற்றி உள்ளே அனுப்பிவிட்டது. சோதனை முடிந்த பிறகு பொருள் உருமாறியது. சோதிக்கும் இடமும் பொருள் முடிவாகும் இடமும் ஒன்றாக இல்லாதபோது நேரும் விபத்து இது, வாசலில் டிக்கெட்டைக் கிழித்த பிறகு ஆள் மாறுவதுபோல.

இதையெல்லாம் ஒவ்வொரு நிரலாளரும் தானே எழுதத் தேவையில்லை. ஏடி அண்ட் டி நிறுவனம் தன் கெட்ஆப்ட் என்ற நிரல்துண்டை 1985ல் டாலஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் பொதுவுடைமையாக்கியது. ஒற்றைக் கோட்டு ஆப்ஷன்களை எல்லாரும் ஒரே மாதிரி படிக்க அது வழி செய்தது. பைதான் மொழியில் 2010ல் 2.7 பதிப்போடு ஆர்க்பார்ஸ் என்ற நூலகம் சேர்ந்தது. ஆப்ஷனின் பெயர், அது எண்ணா எழுத்தா, கட்டாயமா இல்லையா என்று அறிவித்தால் போதும். பிரிப்பது, உதவிக் குறிப்பு காட்டுவது, தப்பென்றால் நிறுத்துவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பைதான் 3ல் ஆப்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நம் கடையின் --அளவும் --பிரதியும் கற்பனை அலங்காரம் இல்லை, அப்படியே ஓடும்.

நூலகம் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. ஆர்க்பார்ஸ் ஆப்ஷன் பெயரைச் சுருக்கித் தட்டினாலும் ஏற்கும். --பிரதி என்பதற்கு --பிர போதும். கடைக்காரர் அதற்குப் பழகிவிடுவார். ஆறு மாதம் கழித்து மகள் --பிரகாசம் என்று புதிதாக ஓர் ஆப்ஷன் சேர்ப்பாள். அன்று காலை --பிர என்று தட்டினால், “இதுவா அதுவா தெரியவில்லை” என்று நிரல் நின்றுவிடும். பழையதில் எதையும் தொடவில்லை, ஆனாலும் பழையது உடைந்துவிட்டது. இன்னொன்று, வண்ணம் வேண்டுமா என்பதற்கு உண்மை-பொய் வகையை நேரடியாகக் கொடுத்துவிட்டால், “பொய்” என்று தட்டினாலும் “உண்மை” என்றே வரும். பைதானுக்கு வெறுமையாக இல்லாத எந்த எழுத்துத் தொடரும் உண்மைதான். கறுப்பு-வெள்ளை கேட்டவருக்கு வண்ணப் படம் கிடைக்கும்.

பிரித்தாயிற்று. 8 என்ற உருவம் எட்டு என்ற எண்ணாகிவிட்டது. இனிமேல்தான் சரிபார்ப்பின் உண்மையான வேலை. இதைத்தான் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

கடையில் ஃபோர் பை சிக்ஸ் தாள் என்பார்கள். 4 அங்குலம் 101.6 மில்லிமீட்டர், 6 அங்குலம் 152.4. படங்களை நேராக அடுக்கினால் அகலத்தில் 2, நீளத்தில் 3, மொத்தம் 6தான். படுக்கவைத்தால் 45 மில்லிமீட்டர் பக்கம் அகலத்தில் இரண்டு முறை போகும், 35 மில்லிமீட்டர் பக்கம் நீளத்தில் நான்கு முறை. ஆக 8. கத்தரிக்க அகலத்திலும் நீளத்திலும் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும். கடைகளில் எட்டு என்று கேட்பது ஏன் இவ்வளவு வழக்கம் என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது யாரோ --பிரதி 9 என்கிறார். 9 நல்ல எண்தான். முழு எண், நேர் எண், வகைச் சோதனையில் தேறிவிடும். தனியாகப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. --அளவோடும் தாளோடும் சேர்த்துப் பார்த்தால்தான் அது அடங்காது என்று தெரியும். ஒவ்வொரு ஆர்குமென்டையும் தனித்தனியே விசாரித்தால் போதாது, எதிரெதிரே நிறுத்தியும் விசாரிக்க வேண்டும்.

அமெரிக்க விசா படத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் நுட்பம். 2 அங்குலச் சதுரம், 4க்கு 6 தாளில் சரியாக 6 அடங்கும். 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர், பல இடங்களில் அதை முழுமையாக்கி 51 என்று எழுதுகிறார்கள். யாராவது 51×51 என்று தட்டினால்? 101.6ஐ 51ஆல் வகுத்தால் 1.99. இரண்டாவது படம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இடிக்கிறது, எனவே அகலத்தில் 1. நீளத்தில் 2.99, எனவே 2. ஆறு வரவேண்டிய தாளில் நிரல் இரண்டே படம் அச்சிடும். ஒரு பிழைச் செய்தியும் வராது. மனிதர் எந்த அலகில் நினைக்கிறாரோ அந்த அலகிலேயே கேட்டு வாங்கி, வாசலிலேயே ஒருமுறை துல்லியமாக மாற்றி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

உருவம் சரி, வகை சரி, பொருள் மட்டும் தப்பு என்பதன் பெரிய எடுத்துக்காட்டு 2017 பிப்ரவரி 28 அன்று நடந்தது. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் பில்லிங் தொடர்பான ஒரு மந்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஊழியர், சில சர்வர்களை நீக்க ஒரு கட்டளையைத் தட்டினார். வழக்கமான கட்டளை, அனுமதி உள்ளவர். உள்ளீடுகளில் ஒன்று தவறாக விழுந்தது. சிலவற்றுக்குப் பதில் மிகப் பல சர்வர்கள் நீங்கின. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 9:37, பெங்களூரில் இரவு 11:07. வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தை நம்பியிருந்த ஏராளமான இணையதளங்கள் முடங்கின. சேவையின் நலனைக் காட்டும் அமேசானின் சொந்தப் பலகையும் எஸ்3ஐ நம்பியே இருந்ததால் அதையும் புதுப்பிக்க முடியவில்லை. முழுதாகச் சரியானபோது பெங்களூரில் விடியற்காலை 3:24. அமேசான் பின்னர் அந்தக் கருவியையே திருத்தியது. சர்வர்களை மெதுவாகத்தான் நீக்கும், தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் கட்டளையை மறுக்கும். தட்டியவரின் விரலைக் குறை சொல்வதோடு நிற்காமல் கருவிக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தது சரியான முடிவு. விரல் யாருக்கும் வழுக்கும்.

தமிழில் தட்டுபவருக்கு இன்னொரு அடுக்கு உண்டு. ஜோகுபாளையம் என்பதில் எத்தனை எழுத்து? நமக்கு ஆறு: ஜோ, கு, பா, ளை, ய, ம். கணினியின் யூனிகோடு கணக்கில் 11. அகரமேறிய அடிப்படை எழுத்தும் அதனோடு சேரும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 33 பைட். “பெயர் 10 எழுத்துக்குள் இருக்க வேண்டும்” என்று ஒரு நிரல் நிபந்தனை போட்டால், ஆறெழுத்து ஊர்ப்பெயர் நீளம் என்று திருப்பி அனுப்பப்படும். ஜோவில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டாம் வகையில் எழுதினால் 12 குறியீடு, 36 பைட். ஒரு வகையில் கோப்புறையைச் சேமித்து மறு வகையில் தேடினால், கண்ணெதிரே இருக்கும் பெயரை “இல்லை” என்று நிரல் சாதிக்கும். இதற்கு மருந்து யூனிகோடு தரும் இயல்பாக்கம்: வாசலில் வரும் ஒவ்வொரு பெயரையும் ஒரே வகைக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகே ஒப்பிடுவது. தமிழில் இயங்கும் எந்த நிரலுக்கும் இது ஆடம்பரம் இல்லை, அடிப்படை.

மறுபடி எட்டுக்கே வருவோம். பைதானில் முழு எண் கேட்கும் இடத்தில் தமிழ் எண்ணைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். --பிரதி ௮ என்றால் எட்டுப் படம் வரும், நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். பத்தைக் குறிக்கும் பழைய ௰ மட்டும் செல்லாது. யூனிகோடில் அது இடமதிப்பு எண்களோடு சேர்க்கப்படாமல் தனி வகையில் இருக்கிறது. எனவே இருபதை ௨௦ என்று எழுதினால் புரியும், ௨௰ என்றால் புரியாது. இதில் ஒரு சிக்கல் நம் மொழிக்கே உரியது. தமிழ் எட்டின் வடிவமும் அகரத்தின் வடிவமும் ஒன்று. எட்டின் குறியையும் கால் என்னும் பின்னத்தின் குறியையும் அடுத்தடுத்து வைத்து “அவ” என்று படிக்கவைத்த ஔவையார் தனிப்பாடலின் சிலேடை, இந்த ஒற்றுமையின் மேல்தான் நிற்கிறது. கணினிக்கு அவை இரண்டும் வெவ்வேறு. விசைப்பலகையில் ௮ கிடைக்காமல் ஒருவர் அகரத்தைத் தட்டினால் திரையில் சரியாகவே தெரியும், நிரல் மட்டும் மறுக்கும்.

அப்போது நிரல் என்ன சொல்கிறது என்பதில்தான் எழுதியவளின் அக்கறை தெரியும். ஆர்க்பார்ஸ் தானாகச் சொல்லும் செய்தி ஆங்கிலத்தில், “செல்லாத முழு எண் மதிப்பு” என்ற தொனியில் வரும். கூடவே 2 என்ற வெளியேறும் எண்ணையும் விட்டுச்செல்லும், பின்னால் காத்திருக்கும் வேறு நிரல்கள் வேலை நடக்கவில்லை என்று அறிவதற்கு. நிரல்களுக்கு அந்த 2 போதும். கடையில் ஆள் நிற்கும்போது திரையைப் பார்க்கும் அப்பாவுக்குப் போதாது. மகள் அந்த இடத்தில் இப்படி எழுதி வைக்கிறாள்:

--பிரதி: நீங்கள் தட்டியது ‘அ’ என்ற எழுத்து. எட்டு வேண்டுமென்றால் 8 அல்லது ௮ தட்டுங்கள். 35×45 படம் ஒரு தாளில் 8 வரைதான் அடங்கும். இன்னும் எதுவும் அச்சாகவில்லை.